கடல் கடந்தால் கைபேசிக்கு எந்தச் சிம்?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு ஊர்ப் பெயர்களோடு கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பதில்கள் முழுவதையும் வெளிநாட்டுப் பயணத்தில் கைபேசி இணையத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் மே மாதம் எட்டு நாள்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் செல்கிறோம். பயண முகவர் இந்திய எண்ணிலேயே ரோமிங் பேக் போடச் சொல்கிறார். மகன் இ-சிம் (அட்டையாகச் செருகாமல் கைபேசிக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் சிம்) வாங்கச் சொல்கிறான். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் சிம் வாங்குவதுதான் மலிவு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?
*– வாசகர், காரைக்குடி*

மூவரும் தவறாக எதையும் சொல்லவில்லை. ஆனால் மூவருமே விலையிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்பாகத் தீர்மானிக்க வேண்டியது, உங்கள் இந்திய எண் அந்த எட்டு நாளும் என்ன வேலை செய்ய வேண்டும் என்பதுதான். வங்கியிலிருந்து வரும் ஓடிபி மட்டும் போதுமா, அல்லது ஊரிலிருந்து வரும் அழைப்புகளையும் எடுத்துப் பேச வேண்டுமா? கடை வைத்திருப்பவர், மருத்துவர், வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வந்தவர் ஆகியோருக்கு இந்திய எண்ணில் பேசும் வசதி அவசியம். அவர்களுக்கு ரோமிங் பேக் விலை கூடுதலானாலும் பொருத்தமானது. அழைப்பு, குறுஞ்செய்தி, இணையம் மூன்றும் ஒரே சிம்மில் கிடைக்கும். எதையும் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. வாங்குமுன் இரண்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பேக்கில் இரு நாடுகளும் அடங்குகின்றனவா என்பது ஒன்று. 'ஒரு நாள்' என்று அவர்கள் குறிப்பிடுவது 24 மணி நேரத்தையா, நள்ளிரவோடு முடியும் நாளையா, அந்த நள்ளிரவும் எந்த ஊர் நள்ளிரவு என்பது மற்றொன்று.

ஓடிபி மட்டும் போதும் என்றால் கதை வேறு. ரோமிங்கில் இருக்கும்போது உள்ளே வரும் குறுஞ்செய்திக்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. எனவே சர்வதேச ரோமிங் வசதியைப் புறப்படும் முன் இயக்கிவைத்து, இந்தியச் சிம்மில் 'டேட்டா ரோமிங்' என்பதை அணைத்துவிட்டால், அந்தச் சிம் செய்தி வாங்கும் தபால் பெட்டியாக மட்டும் இருக்கும். இணையத்தை வேறொரு சிம்மிடம் ஒப்படைத்துவிடலாம்.

அந்த வேறொரு சிம் சாங்கியில் வாங்குவதாக இருக்கலாம். கடவுச்சீட்டைக் காட்டிப் பதிவு செய்தால் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். சுற்றுலாப் பயணிகளுக்கான சில திட்டங்களில் மலேசியாவில் பயன்படுத்தவும் ஓரளவு டேட்டா தருகிறார்கள். கவுண்டரிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். இதில் உள்ள சிக்கல், கைபேசியில் ஒரே ஒரு சிம் பொந்து இருந்தால் இந்தியச் சிம்மைக் கழற்றியாக வேண்டும் என்பது. கழற்றிய சிம்மைக் காகிதத்தில் மடித்து மணிபர்சில் வைத்துவிட்டு, பிறகு விடுதி அறை முழுவதும் தேடியவர்களில் நானும் ஒருவன். சிம் கையில் பத்திரமாக இருந்தாலும், கைபேசிக்குள் இல்லாத சிம்முக்கு ஓடிபி வராது.

உங்கள் நிலையில் நான் மகன் பக்கம் சாய்வேன். இரு நாடுகளுக்கும் சேர்த்து ஓர் இ-சிம் வாங்கினால் இந்தியச் சிம்மைத் தொட வேண்டியதே இல்லை. பயண இ-சிம்களில் பெரும்பாலானவை இணையம் மட்டுமே தருபவை, அவற்றுக்குத் தொலைபேசி எண் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். கிராப் போன்ற வாடகைக் கார் செயலிகளில் இந்திய எண்ணைக் கொடுத்துக் காரைக்குடியிலேயே கணக்கைத் தொடங்கிவிடுங்கள். இருவரும் எப்போதும் சேர்ந்தே சுற்றுவதாக இருந்தால் உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட் மனைவிக்கும் போதும். ஆனால் முஸ்தபா அங்காடியில் ஒருவர் மூன்றாம் மாடியிலும் மற்றவர் தரைத்தளத்திலும் இருக்கும்போது அது உதவாது என்பதால், அவருக்கும் சிறிய அளவில் ஒன்று வாங்குவதே நல்லது.

இன்னொன்று. சிங்கப்பூரின் வடக்கு ஓரமான உட்லண்ட்ஸ் பகுதியில் நிற்கும் கைபேசி, நீரிணைக்கு அப்பாலுள்ள ஜொகூர் பாருவின் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது உண்டு. ஒரு நாட்டுக்கு மட்டுமான சிம் வைத்திருப்பவர்கள் அங்கே நெட்வொர்க்கைக் கைபேசியிடம் விடாமல் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு உதவும் என்று பழைய பட்டன் போனை எடுத்துச் செல்வதும் வீண். சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-இலும் 3ஜி சேவை 2024-இலும் நிறுத்தப்பட்டுவிட்டன.

கேள்வி: என் கைபேசி இ-சிம்மை ஏற்குமா என்று எப்படி அறிவது? இணையத்தில் வாங்கினால் ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயமும் இருக்கிறது.
*– வாசகி, ஈரோடு*

அழைப்புப் பலகையில் *#06# என்று அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்களோடு 'ஈஐடி' என்ற நீண்ட எண்ணும் தெரிந்தால் உங்கள் கைபேசியில் இ-சிம் வசதி இருக்கிறது. ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் வகைகளிலிருந்து இது தொடங்கியது. ஆனால் சீனாவில் விற்பதற்காகத் தயாரான ஐபோன்கள் பலவற்றில் அதற்குப் பதிலாக இரண்டு சிம் பொந்துகளே இருக்கும். உறவினர் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த கைபேசியானால், அது ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

வாங்கும் இடத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. வெளிநாட்டுச் சிம்களை இந்தியாவில் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லை என்ற காரணத்தால் 2024 ஜனவரியில் சில வெளிநாட்டு இ-சிம் செயலிகள் இந்தியச் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. ஆகவே, தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் சலுகை விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பாமல், அனுமதி பெற்ற விற்பனையாளரிடமோ உங்கள் சொந்த நிறுவனத்திடமோ வாங்குங்கள்.

நிறுவுவதில் கவனமாக இருங்கள். க்யூஆர் கோடைப் படிக்க அந்தக் கைபேசிக்கே இணையம் வேண்டும் என்பதால், வீட்டு வைஃபையில் இருக்கும்போதே நிறுவிவிட வேண்டும். இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இணையம் வாங்குவதற்கு இணையம் தேடி அலைய நேரிடும். பல திட்டங்களில் நாள் கணக்கு அந்த நாட்டின் நெட்வொர்க்கில் இணைந்த பிறகே தொடங்கும். சிலவற்றில் நிறுவிய உடனே தொடங்கிவிடும். அந்த வரியைப் படித்துவிட்டு நிறுவும் நாளை முடிவு செய்யுங்கள். ஒரு க்யூஆர் கோடு பெரும்பாலும் ஒரு முறைதான் வேலை செய்யும். 'சரியாக வரவில்லை, அழித்துவிட்டு மறுபடி போடுகிறேன்' என்று அவசரப்பட்டால் காசு போய்விடும்.

கேள்வி: என் அம்மா அமெரிக்காவில் இருக்கும் தங்கையின் வீட்டில் ஐந்து மாதங்கள் தங்கப் போகிறார். அவருடைய பிரீபெய்டு எண்தான் ஓய்வூதியக் கணக்கு, ஆதார் என எல்லாவற்றோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. அது செயலிழந்துவிடுமா? தங்கை அவருக்குப் புது ஐபோன் வாங்கித் தருவதாகவும் சொல்கிறாள்.
*– வாசகி, திருச்சி*

இந்தக் கேள்வியில் இணையம் சிறிய விஷயம். தங்கையின் வீட்டில் வைஃபை இருக்கும். வெளியே போகும்போதும் அவளுடைய குடும்பத் திட்டத்தில் ஓர் எண்ணைச் சேர்த்துவிடலாம். காப்பாற்ற வேண்டியது இந்திய எண்ணை.

பிரீபெய்டு எண்ணில் தொடர்ந்து 90 நாள்கள் எந்தப் பயன்பாடும் இல்லாதபோதுதான் அதைத் துண்டிக்கலாம் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள்கள் நீட்டிக்க வேண்டும். ஆனால் எண் உயிரோடு இருப்பது வேறு, அதற்குக் குறுஞ்செய்தி வருவது வேறு. ரீசார்ஜ் காலம் முடிந்த சில நாள்களில் உள்வரும் செய்திகளும் நின்றுபோகலாம் என்பதால், 90 நாள் விதியை நம்பி ஐந்து மாதத்தை ஓட்ட முடியாது. இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. இணையம் இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களை நிறுவனங்கள் தந்தாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது. அவற்றின் காலம் 365 நாள்கள் வரை இருக்கலாம். அப்படி ஒரு நீண்டகாலத் திட்டத்தைப் போட்டு, சர்வதேச ரோமிங்கையும் இயக்கிவிட்டு அம்மாவை விமானம் ஏற்றுங்கள்.

புது ஐபோனில்தான் பெரிய கண்ணி இருக்கிறது. 2022-இல் வந்த ஐபோன் 14 முதல், அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் சிம் செருகும் பொந்தே கிடையாது. அம்மாவின் பிளாஸ்டிக் சிம்மை அதில் போட வழியில்லை. இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றினால்தான் அதில் இயங்கும். அந்த மாற்றத்தை அங்கே இருந்துகொண்டு செய்வது தலைவலி. இங்கே மாற்றினாலும், மோசடியைத் தடுப்பதற்காகச் சிம் மாற்றிய பின் 24 மணி நேரம் குறுஞ்செய்திச் சேவையை நிறுத்திவைப்பது நடைமுறை என்பதால், புறப்படும் நாளில் செய்யக் கூடாது. என்னைக் கேட்டால், இந்தியச் சிம் இருக்கும் பழைய கைபேசி அப்படியே வங்கிக்கும் ஓடிபிக்குமாக இருக்கட்டும். தங்கை தரும் புதுக் கைபேசி பேரப்பிள்ளைகளைப் படம் எடுக்க இருக்கட்டும். யுபிஐ செயலியும் பழைய கைபேசியிலேயே இருப்பது நல்லது. புதிய கருவியில் பதிவு செய்ய இந்தியச் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி வெளியே போக வேண்டும். ரோமிங்கில் அதற்குக் கட்டணம் உண்டு.

அழைப்புகள் விஷயத்தில் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். பேக் போடாமல் ரோமிங்கில் இருக்கும்போது உள்வரும் அழைப்பை எடுத்தாலே நிமிடக் கணக்கில் பணம் போகும். நள்ளிரவு இரண்டு மணிக்கு நகைக்கடன் வேண்டுமா என்று கேட்பவருக்கும் அதே கட்டணம்தான். உறவினர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அழைக்கட்டும். புதிய சிம்மைப் போட்டதும் 'எண்ணை மாற்றவா' என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், பழைய இந்திய எண்ணிலேயே அது தொடரும்.

கேள்வி: பாரிசில் இறங்கி, ரயிலில் சூரிக் சென்று உறவினர் வீட்டில் தங்கி, பிறகு லண்டன் வழியாகத் திரும்புகிறோம். பாரிசில் ஒரு சிம் வாங்கினால் ஐரோப்பா முழுவதும் செல்லும் என்கிறார்களே?
*– வாசகர், புதுச்சேரி*

உங்கள் பயணத்தில் மூன்று நாடுகள் இருக்கின்றன. அந்த வாக்கியம் அவற்றில் ஒன்றுக்குத்தான் பொருந்துகிறது. ஒரு நாட்டில் வாங்கிய சிம்மை மற்ற உறுப்பு நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2017 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னர் 2032 வரை நீட்டிக்கப்பட்டது. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் உண்டு. நான்கு பக்கமும் இந்த நாடுகளால் சூழப்பட்டிருந்தும் சுவிட்சர்லாந்து இதில் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது இந்த விதியிலிருந்தும் வெளியேறிவிட்டது.

எனவே பிரெஞ்சுச் சிம் சூரிக்கிலும் லண்டனிலும் இயங்கும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். சில நிறுவனங்கள் தாங்களாகவே அவ்விரு நாடுகளையும் சேர்த்துத் தருவதுண்டு. இ-சிம்மின் தலைப்பில் 'ஐரோப்பா' என்று பெரிதாக எழுதியிருந்தாலும், உள்ளே உள்ள நாடுகளின் பட்டியலில் இவ்விரண்டின் பெயரும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். நம் நிறுவனங்களின் ரோமிங் பேக்குகளுக்கும் இதே சோதனைதான். உங்கள் ரயில் பாசெல் வழியாகச் செல்லும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து மூன்றும் சந்திக்கும் நகரம் அது. அங்கே கைபேசி எந்த நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சுவிட்சர்லாந்து அடங்காத சிம் என்றால் பாசெலுக்கு முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, உறவினர் வீட்டு வைஃபை வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் கணவரைப் பார்க்கப் போகிறேன். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்கிறார். ஆனால் போன வருடம் சென்றுவந்த என் தோழி பேசினாளாம். எது உண்மை?
*– வாசகி, கீழக்கரை*

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்திகள் போகும், வரும். குரல், காணொளி அழைப்புகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வாங்கும் சிம்முக்கும், வீட்டு வைஃபைக்கும் இந்தத் தடை பொருந்தும். உங்கள் தோழி ஒருவேளை இந்திய எண்ணின் ரோமிங்கில் பேசியிருப்பார்.

ரோமிங்கில் கைபேசி துபாயின் கோபுரத்தோடு இணைந்தாலும், அதன் இணையப் போக்குவரத்து பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்துக்குத் திரும்பி வந்து, அங்கிருந்துதான் வெளியுலகுக்குப் போகிறது. எந்த ஊரில் எழுதிய கடிதமும் கீழக்கரைத் தபால் நிலையத்துக்கு வந்து முத்திரை வாங்கிய பிறகே போய்ச் சேரும் என்பது போன்ற ஏற்பாடு இது. அதனால் அந்த நாட்டின் தடைகள் பல நேரங்களில் ரோமிங் பயணியைத் தொடுவதில்லை. சீனாவுக்குச் செல்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே உள்ளூர்ச் சிம்மிலோ விடுதி வைஃபையிலோ கூகுளும் வாட்ஸ்அப்பும் திறக்காது. இந்திய ரோமிங்கிலும் பல பயண இ-சிம்களிலும் திறக்கும். மலிவாக இருக்கிறதே என்று அங்கே உள்ளூர்ச் சிம்மை மட்டும் வாங்கியவர் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பவும் வழியின்றி நிற்பார். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. சுற்றுவழி என்பதால் வேகம் சற்றுக் குறையும். இ-சிம் வேறொரு நாட்டின் வழியாகச் செல்லும்போது, நீங்கள் அந்த நாட்டில் இருப்பதாக நினைத்து வங்கிச் செயலி சந்தேகப்படுவதும் உண்டு.

ஆனால் ரோமிங்கில் அழைப்பு நிச்சயம் இணையும் என்று நான் உறுதி தர மாட்டேன். அமீரகத்தில் அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை நீங்களும் ஊரில் உள்ள பெற்றோரும் முன்பே நிறுவிக்கொள்வது பாதுகாப்பு. இணையத்தில் நாம் இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுத் தடையைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். விபிஎன்னைக் குற்றச் செயலுக்குப் பயன்படுத்தினால் அங்கே அபராதமே 5 லட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. எது குற்றம் என்று அங்கே போய்ச் சட்டம் படிக்க நமக்கு நேரமில்லை.

கேள்வி: சொகுசுக் கப்பலில் மூன்று நாள் சென்றோம். ரோமிங் பேக் போட்டிருந்தும், யாருக்கும் பேசாமலேயே பெரிய தொகைக்குப் பில் வந்தது. இது எப்படி?
*– வாசகர், சென்னை*

கரையை விட்டு விலகியதும் கப்பல் தன் சொந்தக் கைபேசிக் கோபுரத்தை இயக்கும். அது செயற்கைக்கோள் வழியாக இணைக்கப்பட்டது. அது எந்த நாட்டையும் சேர்ந்ததல்ல என்பதால், நாடுகளுக்கான பேக் அதற்குச் செல்லாது. நீங்கள் பேசாவிட்டாலும் செயலிகள் பின்னணியில் தங்களைப் புதுப்பித்துக்கொண்டே இருந்திருக்கும். விமானத்துக்குள் கிடைக்கும் கைபேசிச் சிக்னலும் இதே வகைதான். இரண்டிலும் 'ஏரோபிளேன் மோட்' போட்டு, வேண்டுமானால் வைஃபையை மட்டும் இயக்குங்கள்.

வந்த பில்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கேட்டாலொழியச் சர்வதேச ரோமிங்கை இயக்கக் கூடாது என்பதும், பயன்பாடு ஏறும்போது குறுஞ்செய்தியால் எச்சரிக்க வேண்டும் என்பதும் 2020 முதல் உள்ள டிராய் விதிகள். அந்த எச்சரிக்கைகள் வந்தனவா என்று பாருங்கள். நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் 30 நாள்களுக்குள் போகலாம்.

கேள்வி: ஒரு வாரத்துக்கு எத்தனை ஜிபி தேவைப்படும்?
*– வாசகர், கோவை*

வரைபடம், செய்தி, வாட்ஸ்அப் பேச்சு இவ்வளவுதான் என்றால் 3 ஜிபியே மிஞ்சும். வாட்ஸ்அப் குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு எம்பிக்குள்தான் ஆகும். காணொளி அழைப்புக்கு அதைப் போலப் பல மடங்கு. உண்மையில் டேட்டாவைத் தின்பது நாம் பார்க்கும் எதுவும் அல்ல, நமக்குத் தெரியாமல் 'கிளவுட்' என்ற மேகச் சேமிப்புக்கு ஏறும் படங்கள்தான். 4கே தரத்தில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியே 170 எம்பி முதல் 400 எம்பி வரை வரும். அந்தத் தானியங்கிச் சேமிப்பை வைஃபையில் மட்டும் நடக்கும்படி மாற்றிவிட்டு, போகும் ஊரின் வரைபடத்தையும் வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டால் சிறிய திட்டமே போதும். 'அன்லிமிடெட்' என்று விற்கப்படுபவற்றில், ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகத்தைப் படுக்கவைத்துவிடுவார்கள். அந்த அளவு எவ்வளவு என்பதுதான் நீங்கள் வாங்கும் உண்மையான திட்டம்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போகிறோம். இலங்கையிலும் ஏர்டெல் இருக்கிறதாமே, என் ஏர்டெல் சிம் அப்படியே வேலை செய்யுமா?
*– வாசகர், வேதாரண்யம்*

பெயர் ஒன்றாக இருந்த காலத்திலும் அது தனி நிறுவனம்தான். உங்கள் எண்ணுக்கு அங்கே ரோமிங் கட்டணமே பொருந்தும். அந்த ஏர்டெல் லங்காவும் 2024 ஜூனில் அங்குள்ள டயலாக் நிறுவனத்துடன் இணைந்துவிட்டது. ஒரு வாரம் தங்குவதானால் டயலாக், மொபிட்டல், ஹட்ச் இவற்றில் ஒன்றை வாங்குங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருப்பதைப் போன்ற கவுண்டர்களைத் துறைமுகத்தில் எதிர்பார்க்காமல், கடவுச்சீட்டோடு யாழ்ப்பாணம் நகரக் கடைக்கே சென்றுவிடுவது நல்லது. அங்கே 'ரீசார்ஜ்' என்பதை 'ரீலோட்' என்பார்கள். உங்கள் ஊர்ப் பக்கமும் தனுஷ்கோடிக் கரையிலும் நிற்கும்போதே கைபேசி இலங்கைச் சிக்னலைப் பிடித்து வரவேற்புச் செய்தி காட்டியதாகப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ரோமிங் இயங்கும் சிம்மோடு ஊர் திரும்பினால், முதல் வேலையாக அதை நிறுத்திவிடுங்கள்.